நோ பீப் சந்திரலேகாவின் ஒன்பது நோட்டுகள்

மதியம் இரண்டேகால் ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது சந்திரலேகா அக்கா வலது கைக் கட்டைவிரலைப் புடவையில் துடைப்பார். ஈரம் இருந்தாலும் துடைப்பார், இல்லாவிட்டாலும் துடைப்பார். பிறகு ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். ஆறு வருடமாக நான் இதைப் பார்க்கிறேன். ப்ளஸ் டூ படிக்கும்போது பார்த்தேன். பி.காம். படிக்கும்போது பார்த்தேன். படித்து முடித்து வேலை தேடுகிற இந்த இரண்டாவது வருடத்திலும் பார்த்தேன்.

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் லைனுக்குள் ஃபோன் எடுத்துப்போக முடியாது. லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, வரிசையில் நின்று, லாக்கரைத் திறந்து, பஸ்ஸில் ஏறிப் பெண்கள் ஃபோனைத் திறக்கும்போது இரண்டேகால் ஆகிவிடும். அந்த நிமிடத்தில் அக்காவின் மெசேஜ் போய் விழ வேண்டும்.

"முன்னாடியே அனுப்பினா லோன்காரன், லாட்டரிக்காரன் மெசேஜ்லாம் மேல வந்து நம்புளுது அடியில பூடும். பின்னாடி அனுப்பினா பொண்ணுங்க தூங்கிடும்" என்பார்.

அக்காவின் தொழில் இதுதான். பெயர் ‘நோ பீப்’. கடை என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் போர்ஷனின் முன்னறை, நான்கு இரும்பு ரேக், ஒரு ஃபோன். ஆர்டரெல்லாம் மெசேஜில் வரும். அவர் கணவர் அப்பாவு மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

விற்பது என்னவென்றால், உலோகம் இல்லாத பொருள்கள். பிளாஸ்டிக் கிளிப், நூல் பொத்தான் வைத்த சுடிதார், நைலான் ஜிப், கம்பியோ கொக்கியோ இல்லாத உள்ளாடை. பிள்ளைப்பாக்கத்துக்காரரான அக்கா, ஒரு காலத்தில் ஃபோன் கம்பெனி ஒன்றின் லைனில் ஆறு வருடம் நின்றவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மூன்று நாள், உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று சோதிக்கும் வாசல் மெஷின் ‘பீப்’ என்று கத்தி அவரை நிறுத்தியிருக்கிறது. முதல் நாள் துப்பட்டாவில் குத்திய சேஃப்டி பின். இரண்டாம் நாள் தலையில் ஸ்லைடு. மூன்றாம் நாள் எதையும் காணவில்லை. எல்லோருக்கும் முன்னால் தனியே நிற்கவைத்துத் தடவிப் பார்த்தார்கள். கடைசியில் சுடிதார் முதுகில் ஒரு சின்னக் கொக்கி. அதற்குள் லைன் ஓட ஆரம்பித்து, அரை நாள் சம்பளம் போயிற்று.

"அத்தினி பேருக்கு முன்னாடி கைய தூக்கினு நின்னம் பாரு, அன்னிக்கு நெனச்சேன், இந்த மெஷின் கத்தாத மாதிரி ஒரு துணி நான் விக்கணும்னு."

கம்பெனியை மூடியபோது கிடைத்த பணத்தில் அதைச் செய்தார். பஸ் பாயிண்டில் ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்தார். மேசையில் ஒரு லாங் சைஸ் நோட்டு. வாங்க வருகிற பெண்கள் பெயர், பஸ் நம்பர், ஹாஸ்டல், ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் தங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போவார்கள். "எழுதுங்கடி, புதுச் சரக்கு வந்தா சொல்றேன்." இப்படி ஒன்பது நோட்டு நிறைந்தது. நாலாயிரத்துச் சொச்சம் பெயர்கள்.

அவருடைய மெசேஜ் இப்படி இருக்கும்: ‘பொண்ணுங்களா, மெரூன் கிளிப்பு வந்துகீது. வாசல் மெஷின் வாயே தொறக்காது. சந்திரலேகா அக்கா, மாரியம்மன் கோயில் எதிர் சந்து, பச்சை கேட்டு வூடு.’ ஒவ்வொரு மெசேஜிலும் பெயரும் விலாசமும் இருக்கும். பச்சை கேட்டைக்கூட விடமாட்டார்.

போன வருடத்திலிருந்து பலருடைய ஃபோனில் அவர் எண்ணுக்கு மேல் சிவப்பாக ‘ஸ்பேம்’ என்று விழ ஆரம்பித்தது. ஆர்டர் குறைந்தது. அப்போதுதான் அந்த வரைவு விதி பற்றிய செய்தி வந்தது. வேண்டாத வணிகச் செய்திகளைத் தடுப்பதற்கான விதி. பெறுகிறவரின் சம்மதம் இல்லாமல் விற்பனைச் செய்தி அனுப்பக்கூடாது. சம்மதம் டிஜிட்டல் பதிவாக இருக்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அனுப்புகிறவர் நிறுவனமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். மீறினால் எண் துண்டிக்கப்படும். பொதுமக்களும் தொழில் செய்வோரும் ஒரு மாதத்துக்குள் மின்னஞ்சலில் கருத்துச் சொல்லலாம். செய்தியைப் படித்துச் சொன்னவள் நான்தான்.

"அப்ப எழுது. நீதான் படிச்சவ" என்றார் அக்கா.

எனக்குத் தயக்கமாக இருந்தது. காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. அந்த விதி வரட்டும் என்றுதான் நான் நினைத்தேன். நான்கு மாதத்துக்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் டிரெய்னி வேலை, நேர்முகத் தேர்வு, காலை ஒன்பது மணி. சான்றிதழ் ஃபைலோடு இரண்டு பஸ் மாறிப் போனேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இண்டர்வியூவா? இன்னிக்கு நீ ஏழாவது ஆளும்மா. இங்க அப்படி ஒண்ணும் இல்ல, வெயில்ல நிக்காத" என்றார். அம்மாவிடம் தேர்வு நன்றாக நடந்தது என்று பொய் சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் ஃபோனில் மெசேஜ் சத்தம் கேட்டால் வீடே திரும்பிப் பார்க்கும். அதனால் பொய் மெசேஜ் அனுப்புகிறவன்மீது எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனாலும் எழுத உட்கார்ந்தேன். ஆறு வருடமாக என் துணிமணியில் பாதி அக்கா கொடுத்தது. அதைவிட, ஒரு உண்மையான வேலை மாதிரி யாராவது ஒன்றைச் செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"உங்க கருத்து என்னக்கா? சட்டம் வேண்டாம்னு சொல்றீங்களா?"

"ஏன் வேணாம்ன்றேன்? வரட்டும். எனக்கே ஒரு நாளிக்கு பத்து பேரு லோன் வேணுமான்னு உசுர வாங்குறான். ஆனா கேளு. நான் என் பேரு போட்டு, கேட்டு கலரு போட்டு அனுப்புறேன். அவன் பேரே போடாம அனுப்புறான். ரெண்டு பேரையும் லைன்ல வந்து நில்லுன்னா யாரு வந்து நிப்பா? நான் நிப்பேன். அவன் வேற நம்பர் வாங்கினு பூடுவான்."

"இத அப்படியே எழுதவா?"

"அழகா எழுது. அப்புறம் இந்த வருஷா வருஷம் சம்மதம்ன்றானே. இங்க பொண்ணுங்க பதினோரு மாசம் காண்ட்ராக்ட்டுல வருது, சிம்ம மாத்தினு போவுது. வருஷம் திரும்பும்போது யாருகிட்ட போய் சம்மதம் கேக்குறது, சிம்மாண்டயா?"

வாசலில் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்த அப்பாவு மாமா குரல் கொடுத்தார். "கலெக்டரம்மா கவருமெண்ட்டுக்கு லெட்டர் போடுறாங்கோ. யாரும் சத்தம் போடாதீங்கோ."

"நீ மொதல்ல உன் ஆட்டோ பேப்பர புதுப்பி, அப்புறம் பேசு."

நான் எழுதியதில் முக்கியமான வாக்கியம் ஒன்று இருந்தது. ‘எங்களிடம் உள்ள எண்கள் யாவும் வாடிக்கையாளர்கள் தாமே கைப்பட எழுதிக் கொடுத்தவை, இதையும் சம்மதமாக ஏற்க வேண்டும்.’ மற்றதெல்லாம் புலம்பல். இது ஒன்றுதான் கோரிக்கை. இதற்கு ஆதாரமாக நோட்டுகளின் சில பக்கங்களைப் படம் எடுத்து இணைக்கலாம் என்று ஒன்பதையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நோட்டுகள் அழகாக இருந்தன. ஒவ்வொரு வரியும் ஒரு கை. ஒருத்தி பெயருக்குப் பக்கத்தில் பூ வரைந்திருந்தாள். ஒருத்தி பஸ் நம்பர் தெரியாமல் ‘டிரைவர் மீசை வெச்சிருப்பார்’ என்று எழுதியிருந்தாள். எட்டாவது நோட்டுக்கு வந்ததும் நிறுத்தினேன். பக்கம் பக்கமாக ஒரே கையெழுத்து. ஒரே நீல மை. பஸ் நம்பர் இல்லை, அறை நம்பர் மட்டும் இருந்தது. ஒன்பதாவது நோட்டும் அப்படியே. ஏறக்குறைய எழுநூறு பெயர்கள்.

"இது யாரு எழுதினதுக்கா?"

அக்கா பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை. "ரத்னா."

ரத்னா, பக்கத்தில் உள்ள ஒரு பெரிய பெண்கள் ஹாஸ்டலின் வார்டன். அக்காவோடு லைனில் நின்ற பழைய தோழி.

"ஹாஸ்டல் ரிஜிஸ்டர்ல இருந்து எடுத்ததா?"

"காசு குடுத்து வாங்கலடி. சிநேகிதத்துல குடுத்தா. தீபாவளிக்கு ஒரு சுடிதார் எடுத்துக் குடுத்தேன், அவ்ளோதான். இன்னா இப்ப? அந்தப் பொண்ணுங்களப் பாத்து மட்டும் மெஷின் கத்தாதா?"

கடிதத்தைத் திருத்தலாம் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ‘யாவும்’ என்ற சொல் அந்த வாக்கியத்தில் இருந்ததை நான் மறந்துவிடவில்லை. எட்டாவதையும் ஒன்பதாவதையும் தனியே வைத்துவிட்டு, மூன்றாவது நோட்டைப் படம் எடுத்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இப்போது நினைத்தால் அது யோசனையே இல்லை, மனசாட்சியிலிருந்து நழுவப் பார்த்த வழி. எல்லோரிடமும் இப்போதே சம்மதம் கேட்டுவிட்டால், யார் எழுதிய எண் என்ற பேச்சே இருக்காது அல்லவா?

"அக்கா, எல்லாருக்கும் ஒரே ஒரு மெசேஜ் அனுப்புவோம். சம்மதம்னா பதில் போடச் சொல்லுவோம். அந்தப் பதில்களையே இணைச்சு அனுப்பலாம். விதியில கேக்குற டிஜிட்டல் பதிவு அதுதானே."

அக்காவுக்குப் பிடித்துவிட்டது. "நீயே எழுது. கவருமெண்ட்டுக்குப் போறதாச்சே. என் பாஷயில வேணாம்."

நானே எழுதினேன். அரை மணி நேரம் உழைத்து எழுதினேன். ‘அன்புடையீர், தங்கள் அலைபேசி எண் எங்களிடம் பதிவில் உள்ளது. இதனைத் தொடர்ந்து பயன்படுத்தத் தங்கள் சம்மதம் தேவை. சம்மதம் எனில் இன்று மாலைக்குள் "சம்மதம்" எனப் பதிலளிக்கவும்.’ பச்சை கேட்டு பொருத்தமாக இல்லை என்று எடுத்துவிட்டேன். ‘நோ பீப்’ என்று மட்டும் கீழே போட்டேன்.

இரண்டேகாலுக்கு அக்கா அனுப்பினார். நானும் பக்கத்தில் நின்றேன். முதல் பத்து நிமிடம் பதில்கள் விழுந்தன. ‘சம்மதம்’. ‘சம்மதம் அக்கா’. ‘மாப்ள யாருன்னு சொல்லவே இல்ல’. ‘நகை போடுவீங்களா, மெட்டல் ஆகாதே’. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "பாரேன், இதுங்க வாய! ஒருத்தி சம்மதம், ஆனா அம்மாவ கேக்கணும்ன்றா." அறுபத்திரண்டு பதில் வரை எண்ணினேன்.

மூன்று மணிக்கு மெசேஜ் ஆப் நின்றது. ஏராளமானோர் புகார் செய்திருப்பதால் இந்தக் கணக்கு முடக்கப்படுகிறது என்று திரையில் வந்தது. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தோம். அதே வரிதான்.

என்ன நடந்தது என்று மாலையில் அப்பாவு மாமா வந்து சொன்னபோதுதான் புரிந்தது. பஸ் பாயிண்டில் பெண்களே அவரிடம் கேட்டிருக்கிறார்கள். ‘அண்ணே, அக்கா பேர்ல எவனோ ஃபிராடு மெசேஜ் அனுப்புறான், பதில் போட்டா பணம் பூடுமாம், எச்சரிக்கையா இருக்கச் சொல்லுங்க.’ ஹாஸ்டல்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், கம்பெனியிலும் வகுப்பு எடுத்திருக்கிறார்கள்: பதில் போடச் சொல்லும் எந்த மெசேஜுக்கும் பதில் போடாதே, புகார் பட்டனை அழுத்து. அக்காவின் மெசேஜ் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதில் பச்சை கேட்டு இருக்கும், ‘பொண்ணுங்களா’ இருக்கும். ‘அன்புடையீர்’ இருக்காது. நல்ல தமிழில் எழுதியதால் அது வங்கி மாதிரி இருந்தது. வங்கி மாதிரி இருந்ததால் திருடன் மாதிரி இருந்தது.

"ஒரு எழுத்து பிழை வுட்டிருந்தாகூட நம்பியிருக்கும்" என்றார் மாமா. விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. பதினைந்து வருடப் படிப்பில் நான் கற்ற ஒரே திறமை அந்தத் தமிழ். அதை வைத்து ஒரு பெண்ணின் பிழைப்பை முக்கால் மணி நேரத்தில் மூடியிருக்கிறேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அனுப்பினவ நானு. உட்டுத் தள்ளு" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் கருத்துச் சொல்ல இருந்த காலக்கெடுவின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. காலையில் மெசேஜ் ஆப் கம்பெனிக்கு மேல்முறையீடு அனுப்பப் பார்த்தோம். படிவத்தில் ‘உங்கள் நிறுவனப் பதிவு எண்’ என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. உதவி எண்ணை அழைத்தால், எந்த மொழி வேண்டும் என்று கேட்டுவிட்டு, எந்த மொழியிலும் பேசாமல் பாட்டுப் போட்டது. பதினொரு மணிக்கு அக்காவின் ஃபோன் அடித்தது. புது நம்பர். ஆர்டராக இருக்கும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நோ பீப்பாக்கா?" ஒரு பெண் குரல், தெற்கத்திப் பேச்சு. "என் பேரு காந்திமதி. நேத்து ஒங்ககிட்டருந்து மெசேஜ் வந்துச்சு. என் நம்பர் ஒங்களுக்கு யாருக்கா குடுத்தா?"

"எங்ககிட்ட நீயே எழுதிக் குடுத்துருப்பேம்மா. பஸ் பாயிண்ட்ல."

"இல்லக்கா. நான் வந்தே ரெண்டு மாசந்தான் ஆவுது. யாருகிட்டயும் எழுதிக் குடுக்கல. இது புது சிம்மு. ஊருல எனக்கு ஒருத்தனால பிரச்சன. அவனுக்குப் பயந்துதான் நம்பர மாத்திட்டு இங்க வந்தேன். எங்க வீட்டுக்குக்கூட வார்டன் ஃபோன்லருந்துதான் பேசுவேன். இந்த நம்பர ஆஸ்டல் ரிஜிஸ்டர்ல மட்டுந்தான் எழுதிருக்கேன்."

அக்கா என்னைப் பார்த்தார்.

"முன்னாடி வந்த கிளிப்பு மெசேஜெல்லாம் பொதுவா எல்லாருக்கும் போறதுன்னு நெனச்சேன். நேத்து ‘தங்கள் எண் எங்களிடம் உள்ளது’ன்னு வந்துச்சு பாருங்க, அவந்தான் யாரவச்சோ வெளயாடுதான்னு பயந்துபோயி நைட் ஷிஃப்டுக்குப் போவல. அப்புறம் ரூம்ல ஒரு பிள்ள, இது நெசமான கடைதான்னு சொல்லுச்சு. நான் சண்ட போட வரலக்கா. யாரு குடுத்தான்னு மட்டும் சொல்லுங்க. ரிஜிஸ்டரு வெளிய போவுதுன்னா அவன் கையிக்கும் போவும்லா? நான் இங்க இருக்கணுமா, வேற எடம் பாக்கணுமான்னு எனக்குத் தெரியணும்."

ரத்னாவின் பெயரைச் சொன்னால் ரத்னாவின் வேலை போகும். கணவர் இல்லாதவர், இரண்டு பிள்ளைகள். ஹாஸ்டலில் அக்காவை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால் இந்தப் பெண் எதை நம்பி அந்த அறையில் படுப்பாள்?

"நாளைக்கி சொல்றம்மா. பாத்துட்டு சொல்றேன்" என்றார்.

"கண்டிப்பா சொல்லுவீங்களாக்கா?"

"கண்டிப்பா."

ஃபோனை வைத்துவிட்டு அக்கா பொட்டலம் கட்ட உட்கார்ந்தார். பிறகு நான், "அக்கா, நம்ம கடிதத்துல ‘எண்கள் யாவும்’னு ஒரு வரி இருக்கு" என்றேன்.

"தெரியும்."

"அது பொய்க்கா."

"தெரியும்ன்றேன் இல்ல? எடுத்துடு."

"எடுத்தா கடிதத்துல கேக்குறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப ‘யாவும்’ன்றத மட்டும் எடுத்துட்டு ‘நெறய’ன்னு போடு." சட்டென்று குரல் உடைந்தது. "நான் திருடி இல்லடி, பிரவீனா. பதினோரு வருஷமா வூட்டு அட்ரஸ் போட்டு வித்தவ நான்."

‘பெரும்பாலானவை’ என்று திருத்தினேன். மின்னஞ்சல் போனது. அடுத்த நொடியில் பதில் வந்தது. திறப்பதற்குள் அக்கா ஓடிவந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ‘தங்கள் கருத்து பெறப்பட்டது. இது தானாக அனுப்பப்படும் செய்தி. இதற்குப் பதிலளிக்க வேண்டாம்.’

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் ஆகிறது. விதி வந்ததா வரவில்லையா என்று தெரியவில்லை. கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. அக்கா புது எண் வாங்கி, முதல் ஏழு நோட்டில் இருப்பவர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் செய்கிறார். பாதி எண்களில் வேறு யாரோ எடுக்கிறார்கள். எட்டாவதையும் ஒன்பதாவதையும் கிழித்துப் போட்டுவிட்டார். அதைப் பெரிய காரியமாக என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

காந்திமதி அந்தச் சனிக்கிழமை இரண்டு தடவை கூப்பிட்டாள். அக்கா எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. போன வாரம் நானாகவே, "அக்கா, அந்தப் பொண்ணுக்குச் சொல்லவே இல்லையே" என்றேன்.

"சொல்லணும்" என்றார்.

அவள் எண் எனக்கும் தெரியும். அவள் கேட்டது யார் பெயர் என்பதும் தெரியும். அக்காவை நான் ஏன் குறை சொல்கிறேன் என்று புரியவில்லை. நேற்று அந்த ஹாஸ்டல் வழியாகத்தான் வந்தேன். அவள் இன்னும் அங்கே இருக்கிறாளா, வேறு இடம் பார்த்துக்கொண்டாளா, உள்ளே போய்க் கேட்கவும் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சந்திரலேகா அக்கா சொன்னது சொன்னபடியே கிடக்கிறது. அந்தப் பதிலை இன்னும் யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை.